தணிக்கை அலுவலகமும் தோட்டத்து வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பட்டயக் கணக்காளர். அலுவலகம் ஈரோட்டில். குடியிருப்பது கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர் ஒன்றில், தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில். நான், அரசுப் பள்ளி ஆசிரியரான கணவர், பத்தாவது படிக்கும் மகள், எழுபதைத் தாண்டிய மாமியார் என்று நாலு பேர். வீட்டைச் சுற்றி 40 சென்ட் நிலம். காய், கீரை, முட்டை, எண்ணெய், அரிசி, புளி எல்லாம் முடிந்தவரை தோட்டத்திலிருந்தோ ஊருக்குள்ளிருந்தோ வரும்படி வைத்திருக்கிறோம். நண்பர்களும், அலுவலகத்தில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும், ஊர் திரும்ப நினைக்கும் சொந்தக்காரர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இத்தனை வேலைக்கும் நேரம் எப்படிக் கிடைக்கிறது?

எல்லோருக்கும் உள்ள நேரம்தான் எனக்கும். எந்த வேலை நமக்காகக் காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்து வைத்திருப்பதால் சமாளிக்க முடிகிறது. புளி கொட்டை எடுப்பதை இந்த வாரம் விட்டு அடுத்த வாரம் செய்யலாம். மடி கட்டிய மாடு ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காது. வெண்டைக்காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிப் போகும். சேனைக்கிழங்கு மண்ணுக்குள் இன்னும் ஒரு மாதம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் காத்திருக்கும் வேலைகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். காத்திருக்காதவை இரண்டு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் வீட்டில் அவை மூன்று: சமையல், கோழியைத் திறந்து அடைப்பது, நாற்றுக்குத் தண்ணீர். நான்காவதாக ஒன்றைச் சேர்க்கும் முன் நாலு பேரும் உட்கார்ந்து பேசுவோம். தற்சார்பு ஆசையில் கிராமத்துக்கு வந்து, முதல் வருஷத்திலேயே மாடு, ஆடு, தேன்பெட்டி, காளான் குடில் என்று எல்லாவற்றிலும் இறங்கிக் களைத்துத் திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. காத்திருக்காத வேலைகளைக் கணக்குப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார்கள்.

எவ்வளவு நிலம் வேண்டும்?

காய்கறிக்கு 5 சென்ட் போதும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதுவே நாலு பேருக்கு மிஞ்சும். அரிசிக்குத்தான் நிலம் அதிகம் பிடிக்கும். நாலு பேர் வீட்டில் நாளுக்கு ஒரு கிலோ அரிசி என்று வையுங்கள். வருஷத்துக்கு 365 கிலோ. 100 கிலோ நெல்லை அரைத்தால் 60 முதல் 65 கிலோ அரிசி தேறும். ஆக 600 கிலோ நெல் வேண்டும். ஏக்கருக்கு 2 டன் விளையும் வாய்க்கால் பூமியில் அது 30 சென்ட். நிலம் குறைவுதான், ஆனால் அந்த 30 சென்டுக்கும் நாற்றங்கால், உழவு, நடவு, களை, அறுப்பு என்று ஒரு ஏக்கருக்கு உண்டான எல்லா வேலையும் உண்டு. அறுப்பு வண்டிக்காரர் அவ்வளவு சிறிய வயலுக்காக வண்டியைத் திருப்ப மாட்டார்.

அதனால் நாங்கள் நெல் போடுவதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ரசாயனம் குறைத்துப் பயிர் செய்பவரிடம் அறுப்பு முடிந்ததும் களத்திலேயே 600 கிலோ வாங்கிக் காயவைத்து அடுக்கிவிடுகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தேவையான அளவு மட்டும் மில்லுக்குப் போகும். அரிசியாக வைத்தால் வண்டு விழும், நெல்லாக வைத்தால் அந்தத் தொல்லை குறைவு. ஆறு மாதம் கழித்துப் பழைய நெல்லாகிச் சோறும் குழையாமல் வரும்.

இதைத் தற்சார்பு என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சொல்லலாம். ஒரு வீடு தனக்கு வேண்டிய அத்தனையையும் தானே விளைவித்துக்கொண்ட காலம் நம் ஊர்களில் இருந்ததில்லை. நெல் ஒருவரிடம், எண்ணெய் செக்குக்காரரிடம், பானை குயவரிடம், கத்தியும் கொத்தும் கொல்லரிடம் என்று ஊர்தான் தற்சார்பாக இருந்தது. அந்தப் பழைய ஏற்பாட்டில் சாதியும் கூலிக் கொடுமையும் கலந்திருந்தன. அவை திரும்பி வரக் கூடாது. காசைக் கையில் கொடுத்து, சமமாக நின்று வாங்கும் உறவாக அதை இன்று கட்டிக்கொள்ள முடியும்.

முதலில் என்ன நடலாம்?

காத்திருக்கும் செடிகளிலிருந்து தொடங்குங்கள். முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, பப்பாளி, வாழை, தவசிக்கீரை, பொன்னாங்கண்ணி. இவை ஒரு முறை நட்டால் வருஷக்கணக்கில் நிற்பவை. முருங்கையில் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டு வளர்க்கும் மர முருங்கை உண்டு. அவசரப்படுகிறவர்களுக்கு விதை போட்டால் ஆறு மாதத்தில் காய்க்கும் பி.கே.எம்.-1 ரகம் இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்டது. குளிக்கும், துவைக்கும் தண்ணீர் போகும் இடத்தில் வாழை இரண்டு கட்டை.

அடுத்தது கிழங்கு. சேனை, சேம்பு, மரவள்ளி. சித்திரை, வைகாசியில் நட்ட சேனை தைப் பொங்கலுக்குத் தயாராகும். இடையில் களை எடுத்து மண் அணைப்பதுதான் வேலை. கொடியில் பூசணியும் பரங்கியும் பறித்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அட்டாலியில் வரிசையாக இருக்கும் பரங்கிக்காய்கள், செப்டம்பர் மாதத் தணிக்கை நெருக்கடியில் எனக்கு எத்தனையோ இரவு சோறு போட்டிருக்கின்றன.

வெண்டை, கத்தரி, தக்காளி, பீன்ஸ் எல்லாம் இரண்டாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆடிப்பட்டமும் ஜூலை 31-ம் ஒன்றாக வருமே, என்ன செய்வீர்கள்?

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று ஊர் சொல்கிறது. சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள் ஜூலை 31. இரண்டும் ஒரே இரண்டு வாரம். அது முடிந்தால் செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கை, பிறகு அக்டோபர் 31 அந்தக் கணக்குகளின் தாக்கல். மார்ச் கடைசியில் ஆண்டு முடிவு, ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கை. பங்குனி, சித்திரையில்தான் புளியும் மிளகாயும் மாங்காயும் வீட்டுக்கு வரும்.

நான் செய்தது, இரண்டு நாள்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியதுதான். மே கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை கொஞ்சம் மூச்சுவிடலாம். அது வைகாசி, ஆனி. பாத்தி கொத்துவது, எரு போடுவது, பந்தல் கட்டுவது எல்லாம் அப்போதே முடிந்துவிடும். ஆடியில் மிச்சம் இருப்பது விதையை ஊன்றும் வேலை மட்டுமே. அவரை, சுரை, பீர்க்கன், புடலை, பூசணி ஐந்துக்கும் குழிக்கு மூன்று விதை வீதம் ஊன்ற ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை தாராளம். ஆடியில் போட்ட அவரை மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்போது எனக்கும் வேலை குறைந்திருக்கும்.

பறிப்பு வேலை அதிகமுள்ள கத்தரி, தக்காளி, வெண்டை, கொத்தவரையை அக்டோபர் 31-க்குப் பிறகுதான் எடுப்பேன். நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை எங்கள் தொழிலில் ஓரளவு தளர்வு. பனியும் மிதமான வெயிலும் உள்ள அந்த மாதங்களில் காய்கறிச் செடிகளும் நன்றாக வரும். கத்தரிக்கும் தக்காளிக்கும் நாற்று விடுவதைக் கணவர் புரட்டாசிக் கடைசியில் குழித்தட்டில் செய்துவிடுவார். ஒரு மாத நாற்றாக அது கைக்கு வரும்போது என் மேசை காலியாகியிருக்கும்.

மாதா மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. தாக்கல். அதை ஒட்டிய வாரக் கடைசியில் தோட்டத்தில் பெரிய வேலை எதுவும் வைப்பதில்லை. உங்கள் தொழில் எதுவாக இருந்தாலும், மருத்துவமனைப் பணி முறையோ, பள்ளித் தேர்வுகளோ, மென்பொருள் வெளியீடோ, முதலில் அதை எழுதுங்கள். பிறகு விதைப்புப் பட்டத்தை எழுதுங்கள். மோதும் இடத்தில் பயிரை மாற்றுங்கள். வேலையில் கொடுத்த வாக்கைத் தோட்டத்துக்காக மீறினால் இரண்டுமே கெடும்.

மாடு வாங்கலாமா?

வீட்டில் இரண்டு வேளையும் கறக்க மனமுவந்து ஒருவர் இருந்தால் வாங்குங்கள். மாட்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்பது மட்டும் காரணமானால் வேண்டாம்.

காலை ஐந்தரைக்கு ஒரு கறவை, மாலை நாலரைக்கு ஒரு கறவை. மாலை நாலரைக்கு நான் ஈரோட்டில் இருப்பேன். கலப்பினக் கறவைக்கு நாளுக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் பசுந்தீவனம் வேண்டும். சினைக்கு ஊசி போடும் நாளைத் தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். கோமாரித் தடுப்பூசி, கன்றுக்குக் குடற்புழு மருந்து, சாணம் அள்ளுவது எல்லாம் இருக்கிறது. மாமியார் வீட்டில்தானே இருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். எழுபது வயதில் முழங்கால் வலியோடு இருப்பவர் தலையில் என் தற்சார்பு ஆசையைக் கட்டுவது நியாயமே இல்லை.

இரண்டு தோட்டம் தள்ளி ஒரு அக்கா நாலு மாடு வைத்திருக்கிறார். அவரிடம் தினமும் ஒன்றரை லிட்டர் பால். சொசைட்டியில் அவருக்குக் கிடைக்கும் விலையைவிடக் கூட்டியே கொடுக்கிறோம். வருஷத்துக்கு ஒரு டிராக்டர் எருவும் அவரிடமே. வாரத்துக்கு ஒரு நாள் உறை ஊற்றிய தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்போம், நெய் உருக்குவோம், மோர் நமக்கு. மாடில்லாமலே பால், தயிர், மோர், நெய், எரு ஐந்தும் வீட்டில் இருக்கின்றன.

கோழி?

கோழி வளர்க்கலாம், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது. ஐந்து பெட்டை, ஒரு சேவல். காலையில் திறந்துவிட்டு, பொழுது சாயும் முன் கூட்டில் அடைத்துவிட வேண்டும். இதில் மட்டும் தவறக் கூடாது. கீரியும் மரநாயும் ஒரு நாள் அயர்வுக்காகக் காத்திருப்பவை. நாட்டுக்கோழி ஈடுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்து அடைக்கு உட்காரும், 21 நாளில் பொரிக்கும். பண்ணைக் கோழி மாதிரி தினமும் முட்டை எதிர்பார்க்காதீர்கள்.

வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகும். கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து தொடங்க வேண்டும்.

ஒரு வாரநாள் எப்படிப் போகும்?

ஐந்து மணிக்கு எழுவேன். முதல் அரை மணி தோட்டம். களை இருந்தால் நாலு பிடுங்குவது, கீரை கிள்ளுவது, என்ன முற்றியிருக்கிறது என்று பார்ப்பது. அன்றைய சமையல் என்ன என்பதைத் தோட்டம் சொல்லும். ஏழரைக்குள் காலைப் பலகாரமும் மதியச் சோறும் குழம்பும் ஒரு பொரியலும் முடியும். எட்டு மணிப் பேருந்து. மாலை ஏழு மணிக்கு வீடு. இரவுச் சமையல் கணவருடையது, வாரநாள் எல்லாவற்றிலும். சமையல் முடிந்ததும் மகள் பாத்திரம் கழுவுவாள். ஒன்பதரைக்கு மேல் யாரும் எந்த வேலையும் செய்வதில்லை.

மாவு, மசாலா, ஊறுகாய் எல்லாம் வீட்டிலேயா?

மாவு ஞாயிறு மாலை அரைக்கிறோம். முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, கடைசியில் பணியாரம். வெள்ளிக்கிழமைக்கு மாவு இருக்காது. அன்று ராகிக் களி, இல்லையென்றால் கம்பஞ்சோறு. குழம்புத் தூளுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை மல்லி, மிளகாய், மஞ்சள் காயவைத்து மில்லில் கொடுப்பது. செக்குக்கு நிலக்கடலைப் பருப்பும் எள்ளும் கொண்டு போவோம். நிலக்கடலையில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய். பிண்ணாக்கைப் பால் தரும் அக்காவுக்குக் கொடுத்துவிடுவோம்.

ரொட்டி, பிஸ்கட், சேமியா, காப்பித்தூள், சர்க்கரை எல்லாம் கடையில்தான். சோப்பும் கடையில்தான். அதற்காக வருத்தப்பட்டதே இல்லை.

வருஷச் சாமானை எப்படி வாங்கி, எப்படி வைப்பது?

இந்த வீட்டின் முதுகெலும்பு இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தந்தப் பருவத்தில் ஒரு முறை வாங்கி, காயவைத்து, அடைத்துவிட்டால் பிறகு வருஷம் முழுக்கக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. அலுவலகத்தில் வேலை நெரிக்கும் மாதங்களில் அந்த நிம்மதிக்கு ஈடு கிடையாது.

தை, மாசியில் மஞ்சளும் துவரையும். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளுக்குக் குறைவில்லை. வேகவைத்துக் காயவைத்த விரலி இரண்டு கிலோ போதும். துவரைக்குச் செம்மண் கட்டும் பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. துவரையை நனைத்து, சலித்த செம்மண்ணைக் குழைத்துப் பூசி, ஒரு இரவு மூடி வைத்து, வெயிலில் நன்றாகக் காயவைப்பார்கள். பிறகு திருகையில் உடைத்தால் தோல் லேசாகக் கழன்று பருப்பு தனியாகும். அந்தப் பருப்புக்கு வண்டும் குறைவு, வெந்தால் மணமும் தனி. மாமியார்தான் இதில் குரு. உட்கார்ந்த இடத்திலிருந்தே, 'அம்மிணி, மண்ணு இன்னும் இளக்கமா இருக்கோணும்' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மகள் கையால் பூசுவாள்.

மாசி, பங்குனியில் புளி. வருஷத்துக்கு எங்களுக்குப் பத்துக் கிலோ. ஓடும் நாரும் கொட்டையும் நீக்கி, ஒரு நாள் வெயிலில் போட்டு, கல் உப்பு தூவி ஜாடியில் அழுத்தி வைத்தால் அடுத்த வருஷமும் கெடாது. பங்குனி, சித்திரையில் மிளகாய், மல்லி. கோடை வெயில் வீணாகக் கூடாது. மோர் மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் வற்றல்களும் வடகமும் அப்போதுதான். இவற்றில் வடகத்துக்கு மட்டும் ஒரு முழு நாள் ஆள் வேண்டும். கூழ் காய்ச்சிய அன்றே பிழிந்தாக வேண்டும். பக்கத்து வீடுகளில் நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் எல்லோருக்கும் பிழிந்துகொள்கிறோம். ஏப்ரலில் வங்கித் தணிக்கை முடியாமல் என்னால் வர இயலாத வருஷங்களில் என் பங்கு மாவும் எண்ணெயும் போகும், வடகம் வரும். அதற்கு ஈடாக அந்த வீடுகளின் வரிக் கணக்கையும் வங்கிக் கடன் காகிதங்களையும் நான் பார்த்துக் கொடுக்கிறேன்.

சேமிப்பில் ஈரம்தான் முதல் எதிரி. கடித்தால் 'கடுக்' என்று உடையும்வரை காயவைத்து, சூடு ஆறியபின் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நெல்லுக்குக் காய்ந்த நொச்சியும் வேப்பிலையும், பயறு வகைக்கு வசம்பு, துவரம்பருப்புக்குக் கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவுவது. தகர டின் ஒவ்வொன்றிலும் வைத்த மாதத்தை எழுதி ஒட்டுங்கள்.

எரு, பூச்சி மருந்து தயாரிக்க நேரம் ஏது?

ஐந்து சென்டுக்குப் பெரிய பீப்பாய் எதற்கு? ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசலின் ஏக்கர் அளவு 200 லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு எடுங்கள். 20 லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ புதுச் சாணம், ஒரு லிட்டர் கோமியம், 200 கிராம் நாட்டுச் சர்க்கரை, 200 கிராம் பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் வைத்து காலையும் மாலையும் கலக்கினால் இரண்டு நாளில் தயார். ஒரு வாரத்துக்குள் ஊற்றி முடித்துவிடுங்கள். வெள்ளி இரவு கலக்கினால் ஞாயிறு இரவு பாத்திக்குப் போய்விடும். கால அட்டவணை வேலைக்காரர்களுக்கென்றே அமைந்தது போல இருக்கும்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்க வேண்டும். இந்த இரண்டுக்கு மேல் எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை. இலைச் சருகை எரிக்காமல் மூடாக்காகப் போட்டால் களையும் தண்ணீர்ச் செலவும் பாதியாகும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

தண்ணீர், மின்சாரம், இணையம்?

தண்ணீருக்கு மேல்தொட்டியிலிருந்து சொட்டு நீர்க் குழாய், அதன் வாயில் மின்கலத்தில் ஓடும் ஒரு டைமர். காலையில் நான் இல்லாவிட்டாலும் பாத்தி நனையும். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டு நீருக்கு முழு மானியம் இருக்கிறது. பட்டாவும் வட்டாட்சியர் சான்றும் தேவை. கூரை மழைநீரை விடாதீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 90 லிட்டர் கிடைக்கும். ஐப்பசியில் ஒரே இரவில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,800 லிட்டர்.

கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2024-இல் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். விற்பவர்கள் ஒரு விஷயத்தைப் பல நேரம் அழுத்திச் சொல்வதில்லை. மின்கலம் இல்லாத இணைப்பு, வெளியே மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் முக்கியம். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை இருக்காது. மோடத்துக்கும் மடிக்கணினிக்கும் மட்டும் தனி இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

சாண எரிவாயு?

ஒரு கன மீட்டர் கலனுக்கே நாளுக்கு 25 கிலோ சாணம் கரைக்க வேண்டும். மாடு இல்லாத வீட்டுக்கு இது பொருந்தாது. சிலிண்டரே போதும்.

இத்தனையும் கடைசியில் பெண் தலையில்தானே விழும்?

விழும், தடுக்காவிட்டால். 'எளிய வாழ்க்கை' என்று அழகாகப் பேசப்படும் பல வீடுகளில், அந்த எளிமைக்கு ஒரு பெண்ணின் தூக்கம் விலையாகப் போவதைப் பார்க்கிறேன். பொடியும் ஊறுகாயும் வீட்டில் செய்தது என்று பெருமை பேசுகிறவர், அதை யார் இடித்தார்கள் என்று சொல்வதில்லை. அலுவலக வேலையைக் குறைக்காமல் வீட்டு வேலையை மட்டும் கூட்டிக்கொள்ளும் எந்த ஏற்பாடும் எனக்குச் சம்மதமில்லை.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் பொறுப்பு. 'உதவி' என்ற பேச்சு இல்லை. கோழி மகளுடையது. நாற்று, சொட்டு நீர், இரவுச் சமையல் கணவருடையவை. காலைச் சமையல், சேமிப்பு அறை, கீரைப் பாத்தி என்னுடையவை. மாமியார் விருப்பப்பட்டால் கீரை ஆய்வார், இல்லையென்றால் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். கணவர் சமைப்பதை முதலில் ஊரில் பேசத்தான் செய்தார்கள். 'ஏனுங்க, வாத்தியாரு அடுப்படியில நிக்கறாரு' என்று. அவர் நின்றபடியே பதில் சொல்லிப் பழகிவிட்டது, அவர்களுக்கும் கேட்டுப் பழகிவிட்டது.

வீட்டில் இப்படிப் பங்கு பிரிக்க ஆள் இல்லையா? அப்படியானால் தோட்டத்தைச் சுருக்குங்கள். கறிவேப்பிலையும் முருங்கையும் கீரையும் போதும். அதில் ஒரு குறைவும் இல்லை.

வேலைக்கு ஆள் வைத்தால் தற்சார்பு ஆகுமா?

வாரத்துக்கு ஒரு நாள் ஒரு அம்மா களை எடுக்க வருகிறார். தென்னை ஏற 45 நாளுக்கு ஒரு முறை ஒருவர் வருகிறார். ஊரில் நடக்கும் கூலிக்கு ஒரு ரூபாய் குறையாமல், அன்றன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். எங்களோடு ஒரே திண்ணையில், ஒரே மாதிரித் தட்டில் சாப்பாடு. ஒரு நிபந்தனை எனக்கு உண்டு. நாம் செய்ய அருவருக்கும் வேலையைப் பிறருக்குத் தள்ளுவதாக அது இருக்கக் கூடாது.

பணம் மிச்சமாகுமா?

கணக்காளராகச் சொல்கிறேன்: நீங்கள் நினைக்கும் அளவுக்கு ஆகாது. காய்கறிச் செலவு குறையும், ஆனால் வேலி, மோட்டார், குழாய், பேருந்துச் செலவு வரும். நிலத்தில் போட்ட பணத்துக்கு வட்டி பார்த்தால் கணக்கு ஒருபோதும் நேராகாது. சம்பளம்தான் இந்த வீட்டை நிறுத்துகிறது. கடன் வாங்கித் தோட்டம் வாங்காதீர்கள். நல்ல சம்பளத்தில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டு விவசாய வருமானத்தில் பிழைக்கலாம் என்று வந்தால், குறைந்தது இரண்டு வருஷச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வரச் சொல்வேன்.

கிடைப்பது வேறு விதமானது. பறித்த அரை மணியில் வெந்த கத்தரிக்காயை மகள் தட்டில் போடுவதற்கு விலை எழுத எனக்குத் தெரியாது. அதைப் பணத்தில் காட்ட முயல்வதும் இல்லை.

நிலம் வாங்குவோருக்கு இரண்டு வரி. பட்டா, வில்லங்கம், புலப்படம் மூன்றையும் பார்ப்பதோடு, நிலத்துக்குப் போகும் தடம் யார் பெயரில் இருக்கிறது, கிணற்றில் எத்தனை பங்கு, தண்ணீர் முறை எந்த நாள் என்று விசாரியுங்கள். எங்கள் பக்கத்தில் சண்டைகள் பெரும்பாலும் இவற்றால்தான்.

பாம்பு பயம் இல்லையா?

எச்சரிக்கை உண்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும்தான் பெரும்பாலான ஆபத்துக்குக் காரணம். இரவில் டார்ச் இல்லாமல் முற்றத்தில் இறங்குவதில்லை. விறகையும் தேங்காய் மட்டையையும் சுவரை ஒட்டி அடுக்குவதில்லை. தானியம் சிந்தினால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது, அதனால் தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள். கடிபட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். அந்த மருந்துக்கான நஞ்சை எடுத்துக் கொடுப்பதில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் உழைப்பு பெரியது. நம் தோட்ட வீடுகள் அவர்களுக்குக் கடன்பட்டவை.

நாலைந்து நாள் வெளியூர் போக வேண்டி வந்தால்?

கோழியைத் திறந்து அடைக்கப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் வருவான். அந்த நாட்களின் முட்டை அவன் வீட்டுக்கு. கிளம்பும் முன் பறிக்க வேண்டிய காய் அத்தனையும் பறித்து, அவர்களுக்கும் கொடுத்துவிடுவோம். மேல்தொட்டி நிறைந்திருக்கிறதா, டைமரில் மின்கலம் புதிதா, சொட்டுக் குழாய் வடிகட்டி கழுவியதா என்று பார்க்க வேண்டும். வற்றல் ஏதாவது மாடியில் காய்ந்துகொண்டிருந்தால், பாதி காய்ந்ததாக இருந்தாலும் உள்ளே எடுத்துப் பரப்பி வையுங்கள், மூடி வைக்காதீர்கள். திரும்பி வந்த மறுநாள் வெயிலில் மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.